எல்லார் வீட்டிலும் வெடித்த ஸ்டவ்

என் தங்கச்சி கல்யாண வீடுகளில் சாப்பிடுவதில்லை. போவாள், மொய் எழுதுவாள், பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பாள். பந்திக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நிற்பாள். அவளுடைய வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கொக்கி மாதிரி வளைந்து கிடக்கின்றன. சோற்றைப் பிசையவோ அள்ளவோ முடியாது. வீட்டில் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவாள். பந்தியில் அப்படிச் சாப்பிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் இலையை விட்டுவிட்டு அவள் இலையைத்தான் பார்ப்பார்கள். அவளுக்கு அது பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

இடது கை நன்றாக இருக்கிறது. தோல் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒரே நெருப்பில் வெந்தவை. ஒரு கை பிழைத்தது, ஒரு கை போனது. ஏன் என்று கேட்கத்தான் விருதுநகரில் ஒரு விசாரணை நடந்தது. அதைப் பற்றிப் பிறகு பேப்பரில் எழுதியவர்கள், பாதிக்கப்பட்டவர்களே சரியாக ஒத்துழைக்கவில்லை என்று எழுதினார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. நான் அந்த விசாரணை ஹாலில் இருந்தேன். என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

அப்போது நான் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். தங்கச்சியை ஆனைக்குட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளும் அவள் வீட்டுக்காரரும் நாரணாபுரம் பக்கம் ஒரே பட்டாசு ஆலையில் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவள் சரம் பின்னுகிறவள். சின்ன வெடிகளை வரிசையாக வைத்துத் திரியோடு திரி சேர்த்து நூலால் பின்ன வேண்டும். விரல்தான் அந்த வேலைக்கு மூலதனம். அவள் பின்னும்போது விரல் தெரியாது, சரம் நீளுவதுதான் தெரியும். ஆலையில் அவளோடு போட்டி போட ஆள் கிடையாது.

தீபாவளி சீசன். ஆர்டர் நெருக்கடி. ஷெட்டுக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சுவரில் எழுதியிருக்கும். சீசனில் அந்த எழுத்தை யாரும் படிப்பதில்லை. பக்கத்து அறையில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் உராய்ந்து தீப்பிடித்துவிட்டது. வெடிக்கவில்லை, புகைந்து ஒரே வீச்சாக நெருப்பு வாசல் வழியே வந்தது. தங்கச்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். முகம் தப்பித்தது. முகத்துக்குப் பதிலாக இரண்டு கையையும் கொடுத்தாள். அன்றைக்கு அவளோடு இன்னும் சில பெண்களுக்கும் கைதான் வெந்தது. எல்லாரும் முகத்தை மூடியிருக்கிறார்கள். யாரும் சாகவில்லை. சாகாததால் அது செய்தியும் ஆகவில்லை.

போர்மேன் எல்லாரையும் கம்பெனி வேனிலேயே ஏற்றி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் எனக்கு இங்கே தேவையில்லை. வாசலில் சீட்டு எழுதுகிறவன் என்ன ஆச்சு என்று கேட்டதும் போர்மேன், “வீட்டுல ஸ்டவ் வெடிச்சிருச்சு” என்றார். ஒரே வேனில் வந்திறங்கிய பெண்களுக்கு, ஒரே நேரத்தில், அவரவர் வீட்டில், தனித்தனியாக ஸ்டவ் வெடித்திருக்கிறது. எழுதுகிறவன் தலையை நிமிர்த்தவே இல்லை. எல்லாருக்கும் ஸ்டவ் என்று எழுதிக்கொண்டான்.

இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு வராது. எங்கள் பக்கம் பட்டாசு வேலைக்குப் புதிதாக வருகிற பெண்ணுக்கு, சரம் பின்னச் சொல்லித்தருகிற அதே அக்காதான் இதையும் சொல்லித்தருவாள். பேனாவும் ஃபைலுமாக யார் வந்து கேட்டாலும் ஸ்டவ் வெடித்தது என்று சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் ஸ்டவ். பின் குத்தினேன், பம்ப் அடித்தேன், பக்கென்று பிடித்துக்கொண்டது. பிரஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால் நானும் கொஞ்ச காலம் பட்டாசுக்குப் போனவள்தான். எனக்கும் அது மனப்பாடம். ஆலையில் விபத்து என்று பதிவானால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் கதவை மூடுவார்கள். கதவை மூடினால் எங்கள் தெருவில் அடுப்பு எரியாது, பக்கத்துத் தெருவிலும் எரியாது. ஸ்டவ் என்று சொல்லிவிட்டால் முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்வார், வேலையும் இருக்கும். யாரும் எங்களை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் யாராவது ஒருத்தி எதிர்த்திருப்பாள். இது மிரட்டல் இல்லை, பழக்கம்.

டாக்டருக்கு உண்மை தெரியும். வெந்த தோலில் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தால் எந்த டாக்டருக்குத்தான் தெரியாது? அங்கே இருந்தவர் சின்ன வயதுக்காரர், சத்தம் போடாமல் பேசுவார். வார்டுக் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொரு கட்டிலாக வந்து கேட்டார். “பயப்படாதம்மா. இங்க போலீஸ் கிடையாது, பேக்டரி ஆபீசர் கிடையாது. நீ சொல்றது என்னோட இருக்கும். பட்டாசு மருந்துதானே?” தங்கச்சி ஆமாம் என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சொன்னார்கள். டாக்டரிடம் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தார்கள். வாழ்க்கையில் அவர்கள் தைரியமாக உண்மை சொன்னது அந்த ஒரு இடத்தில்தான்.

அதன் பிறகுதான் டப்பாக்கள் வந்தன. தங்கச்சிக்கு இரண்டு. ஒன்றுக்கு நீல மூடி, ஒன்றுக்கு வெள்ளை மூடி. மருந்துக்குப் பெயர் கிடையாது, வெறும் நம்பர் ஒட்டியிருந்தது. நீல மூடி மருந்து இடது கைக்கு, வெள்ளை மூடி மருந்து வலது கைக்கு. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் கைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுத்தார்கள். பெரிய மருந்து, வெளியே விலைக்குக் கிடைக்காதது, உங்களுக்கு இலவசம் என்றார்கள். என் கொழுந்தன், அதாவது தங்கச்சி வீட்டுக்காரர், சேர்க்கும்போது நீட்டிய எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். யார்தான் போடமாட்டார்கள்? உள்ளே பெண்டாட்டி அலறிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து படிக்கவா முடியும்?

பக்கத்துக் கட்டிலில் சிவகாசி டவுனில் பேப்பர் வியாபாரம் செய்கிற பாய் வீட்டு அக்கா ஒருவர் இருந்தார். அந்த வார்டில் உண்மையிலேயே ஸ்டவ் வெடித்து வந்தவர் அவர் ஒருத்திதான். அவருக்கும் இரண்டு கையும் வெந்திருந்தது. ஆனால் ஒரே மருந்து, மெடிக்கல் ஷாப்பில் விற்கிற சாதாரண மருந்து.

ஒரு நாள் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தபோது அவர் தங்கச்சியை வம்புக்கு இழுத்தார். “ஏம் புள்ள, காசு கொடுக்குற எனக்கு ஒரு மருந்து, சும்மா படுத்திருக்குற ஒனக்கு ரெண்டு மருந்தா? நல்லாருக்கே இவுக ஞாயம்.”

“ஒங்க வீட்டு ஸ்டவ் சின்ன ஸ்டவ்வுக்கா. எங்களது கம்பெனி ஸ்டவ்வு” என்றாள் தங்கச்சி.

வார்டே சிரித்தது. நர்ஸும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் காதில் கேட்கிறது. நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்று நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

இடது கை ஆறத் தொடங்கியது. வலது கை ஆறவில்லை. சீழ் வைத்தது, கட்டுப் பிரித்தால் நாற்றம் அடித்தது. “அக்கா, இந்தக் கைக்குப் போடுறதையே அந்தக் கைக்கும் போடச் சொல்லேன்” என்று தங்கச்சி அழுதாள். நர்ஸிடம் கேட்டேன். மாத்தக்கூடாது என்றாள். டாக்டரைப் பிடித்தேன்.

“நீல மூடி மருந்து நல்லா கேக்குது சார். அதையே ரெண்டு கைக்கும் போட்டு விடுங்க.”

“அப்படிப் போட்டா எந்த மருந்து கேக்குதுன்னு எப்படித் தெரியும்?” என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை என்கிறார். ஏதோ படித்தவர் பேச்சு, நமக்குப் புரியாது என்று வந்துவிட்டேன். வேறு எங்கே போய்ச் சொல்வது? சொல்லியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்? அவர்கள் வீட்டுக்கு அனுப்பும்போது வலது கை விரல்கள் ஒட்டிப் போயிருந்தன. நாள் ஆக ஆக வளைந்துகொண்டன.

சில வருடம் கழித்து, மதுரையிலிருந்து ஒரு வக்கீலம்மா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். அந்த ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு மருந்துக் கம்பெனிக்காகத் தீக்காயக்காரர்கள்மேல் மருந்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், யாரிடமும் சரியாகச் சொல்லாமலேயே செய்திருக்கிறார்கள் என்று பேப்பரில் வந்து, அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டிருந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். வக்கீலம்மா எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து தங்கச்சியின் இரண்டு கையையும் தன் மடியில் வைத்துப் பார்த்தார்.

“சோதிச்சுப் பாத்தாகன்னா? என் கையிலயா?” என்று தங்கச்சி கேட்டாள்.

“உங்க ஒரு கையில கம்பெனியோட புது மருந்து. இன்னொரு கையில ஒப்பிட்டுப் பாக்குறதுக்காக வேற ஒண்ணு. எது புதுசு, எது பழசுன்னு நமக்கு இன்னும் தெரியாது.”

தங்கச்சி வலது கையை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். பிறகு, “ஆப்பரேசன் பண்ணி விரலைப் பிரிச்சு விடுவாகளா?” என்றாள். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும். சோதித்தவனை ஜெயிலில் போடுவதைப் பற்றி அவள் கேட்கவில்லை. அதை நான்தான் கேட்டேன். விசாரணையில் பாதிப்பு நிரூபணமானால் அரசு செலவில் ஆப்பரேஷன் செய்யச் சொல்லிக் கேட்போம் என்றார் வக்கீலம்மா. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். ஆலை பெயரைக் கேட்கமாட்டார்கள், அதை நீதிபதியிடமே பேசிவிட்டேன் என்றும் சொன்னார். தங்கச்சியை எதிரில் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். ஆலையில் மருந்து புகைந்தது, கையால் முகத்தை மூடினேன். தங்கச்சி தடுமாறாமல் சொன்னாள். என் கொழுந்தன் மட்டும் வாசலில் நின்று, “மதினி, சீசன் நேரம். பாத்துச் செய்ங்க” என்றார். அவரும் அதே ஆலையில்தான் இன்னும் வேலை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விசாரணைக்கு நாங்கள் போனது யாருடைய வேனில் தெரியுமா? அதே கம்பெனி வேனில். போர்மேனே ஏற்பாடு செய்திருந்தார். பஸ்ஸில் ஏன் அலைகிறீர்கள் என்று நல்ல மனசோடு செய்ததுதான். விருதுநகரில் இறக்கிவிட்டுவிட்டு அவர் டீக்கடையிலேயே உட்கார்ந்துகொண்டார். ஹாலுக்குள் வரவே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அவர் உள்ளே இருந்து முறைத்தார் என்று பிறகு சிலர் கதை கட்டினார்கள். அவர் இல்லை.

ஹால் பின்பக்கம் மிளகாய் வத்தலை அடுக்கி வைக்கிற கிட்டங்கிகள். லாரியில் மூடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நெடி ஜன்னல் வழியாக வந்து நீதிபதி தும்மிக்கொண்டே இருந்தார். எங்களுக்குத் தும்மல் வரவில்லை, பழக்கம். காலையில் ஆஸ்பத்திரி டாக்டரை விசாரித்தார்கள். அதே சின்ன வயதுக்காரர், கொஞ்சம் வழுக்கை விழுந்திருந்தது. எந்தக் கைக்கு எந்த மருந்து என்று யார் முடிவு செய்தது என்று நீதிபதி கேட்டார்.

“யாரும் முடிவு செய்யறதில்லை சார். சீட்டுக் குலுக்கற மாதிரிதான். கம்பெனியிலிருந்து மூடின கவர் வரும். அதுல இருக்கறபடி போடுவோம். அதுதான் நேர்மையான முறை.”

தங்கச்சி என் காதில், “சீட்டாக்கா?” என்றாள். எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டுக்குக் குலுக்குவார்கள், பானை கொடுப்பார்கள். இவர்கள் கைக்குக் குலுக்கியிருக்கிறார்கள்.

நோயாளிகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள் என்று நீதிபதி கேட்டார். ரகசியம் காக்க வேண்டும் என்பதால் ஆராய்ச்சியில் பெயரே கிடையாது, நம்பர்தான் என்றார் டாக்டர். எந்த நம்பர் யார் என்ற விவரம் மருந்துக் கம்பெனியிடம் இருக்கிறதாம். அந்தக் கம்பெனி எதற்கும் பதில் போடவில்லையாம். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். “இது பட்டாசு மருந்துத் தீக்காயத்துக்கான ஆராய்ச்சி மட்டும்தான். வீட்டு அடுப்புக் காயம் வந்தவங்களை நாங்க சேர்க்கவே இல்லை. அவங்களுக்குச் சாதாரண சிகிச்சைதான் கொடுத்தோம்.”

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் வக்கீலம்மா பெண்களைக் கூட்டி உட்காரவைத்தார். “கேட்டீங்கல்ல? பேரு எதுலயும் இல்ல. நீங்க வாயால பட்டாசுன்னு சொன்னாத்தான் கேஸ்ல இருப்பீங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுல ஸ்டவ்னு இருக்கு. அதை யாரோ எழுதினாங்க, நாங்க சொல்லலைன்னு சொல்லுங்க.” எல்லாரும் தலையாட்டினார்கள். பாய் வீட்டு அக்காவும் தானாகவே வந்திருந்தார். உண்மையில் ஸ்டவ் வெடித்த தனக்கு ஒரே மருந்து போட்டார்கள், இவர்களுக்கு மட்டும் இரண்டு டப்பா போட்டார்கள் என்று சாட்சி சொல்வதற்காக. யாரும் கூப்பிடாமல் வந்தவர் அவர். பிரியாணிப் பொட்டலம் கொண்டுவந்து எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார். தங்கச்சிக்குத் தன் கையால் உருட்டி ஊட்டிவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் முதலில் தங்கச்சியைக் கூப்பிட்டார்கள். உண்மை சொல்வதாகச் சத்தியம் வாங்கினார்கள். நீதிபதி நல்ல மனுஷன், அதட்டவில்லை. மூக்கைத் துடைத்துவிட்டு, ஃபைலைத் திறந்து, பேனாவை எடுத்தார்.

“சொல்லுங்கம்மா, கையில எப்படித் தீப்பிடிச்சது?”

“வீட்டுல ஸ்டவ் வெடிச்சிருச்சுங்கய்யா” என்றாள் தங்கச்சி.

அவள் யோசிக்கவே இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. வக்கீலம்மா எழுந்து, “அம்மா, கேள்வியைச் சரியாக் கேளுங்க” என்றார். அதற்குள் ஆஸ்பத்திரி வக்கீல் எழுந்துவிட்டார். அவர் கெட்டிக்காரர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எந்த ஸ்டவ்வும்மா? கேஸா, மண்ணெண்ணெயா?”

“மண்ணெண்ணெய். பின் குத்துனேன், பம்பு அடிச்சேன், பக்குன்னு பிடிச்சிருச்சு.”

மொத்தமும் வந்துவிட்டது, ஒரு சொல் மாறாமல். டைப் அடிக்கிறவர் அடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் தங்கச்சியைப் பார்த்தாள். இவள் ஸ்டவ் என்று சொன்ன பிறகு தான் மட்டும் பட்டாசு என்றால் இவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். அதோடு ஆலையைக் காட்டிக்கொடுத்தவள் தான் ஒருத்தி என்றும் ஆகும். அவளும் ஸ்டவ் என்றாள். அதற்கடுத்தவளும் ஸ்டவ். எல்லாரும் பின் குத்தினார்கள், எல்லாரும் பம்ப் அடித்தார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஏம்மா, எல்லாரும் ஒரே கடையில வாங்கின ஸ்டவ்வா?” என்று கேட்டார். ஹாலில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

“ஐயா, அம்புட்டும் பொய்யி. ஆலையில வெந்தவுக இவுக. எங்க ஊருல ஆபீசர் கேட்டா இப்படித்தான் சொல்லுவாக.”

“நீங்க யாரும்மா? உங்களுக்குக் காயம் இருக்கா?”

“இல்லய்யா. இவ அக்கா.”

“தீ விபத்து நடந்தப்ப அங்க இருந்தீங்களா?”

“நான் பிரஸ்ல இருந்தேன்.”

“அப்ப நீங்க பாக்கல.” அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை, கையை மட்டும் காட்டினார். நான் தங்கச்சி பக்கம் திரும்பி, “ஏட்டி, வாயத் தொறந்து சொல்லுட்டி” என்று கத்தினேன். நீதிபதி என்னை அடக்கிவிட்டு அவளைத் திரும்பக் கூப்பிட்டார். “அம்மா, நீங்க மாத்திச் சொல்லலாம். ஆனா சத்தியம் பண்ணிச் சொன்னதை மாத்தினா முன்னாடி சொன்னது பொய்னு ஆகும். யோசிச்சுச் சொல்லுங்க.”

நல்லதற்குத்தான் சொன்னார். அவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. பொய்ச் சத்தியம், போலீஸ், ஜெயில். அவள் தன் வலது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ஸ்டவ்வுதான்யா.”

கடைசியில் பாய் வீட்டு அக்கா சாட்சி சொன்னார். தனக்கு ஸ்டவ் வெடித்தது, ஒரே மருந்து போட்டார்கள் என்றார். இவர்களுக்கு மட்டும் இரண்டு டப்பா என்றும் சொன்னார். ஆஸ்பத்திரி வக்கீல் எழுந்து, இவர்களுக்கும் உங்களை மாதிரி ஸ்டவ்தான் வெடித்ததாம், அப்படியென்றால் உங்களைப் போலத்தானே சிகிச்சை கொடுத்திருப்பார்கள் என்றார். டப்பாவின் நிறம் இத்தனை வருடம் கழித்து உங்களுக்கு எப்படி நினைவிருக்கும் என்றும் கேட்டார். அக்கா பெண்களைத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்ததும் தங்கச்சி முன்னால் வந்து நின்றார். “ஏம் புள்ள, வெடிச்சது எம்புட்டு கஷ்டப்பட்டு வாங்குன என் ஸ்டவ்வு. அதையும் ஆளாளுக்குப் பங்கு போட்டுட்டீகளே” என்றார். திட்டவில்லை. தங்கச்சி தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். வக்கீலம்மா தனியாக ஒரு வேப்பமரத்தடியில் நின்று செல்போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். எங்களிடம் வந்து ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வேனில் வரும்போது போர்மேன் எல்லாருக்கும் காராசேவு வாங்கி வைத்திருந்தார். “நல்லபடியா முடிஞ்சதா?” என்று கேட்டார். நான் தங்கச்சியை விடவில்லை.

“ஏன்டி அப்படிச் சொன்ன? யாருக்குப் பயந்த?”

“யாருக்கும் பயப்படலக்கா. பட்டாசுன்னு சொல்லணும்னுதான் எந்திரிச்சேன். அவரு பேனாவ எடுத்தாரா, வாய் தானாச் சொல்லிருச்சு.”

அவள் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நான் அவளை அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? அடிக்கவா முடியும்?

குழுவின் அறிக்கை வெளியே வர ரொம்ப நாள் ஆனது. நல்ல அறிக்கை என்று வக்கீலம்மா போனில் சொன்னார். இனிமேல் நோயாளிக்குத் தமிழில் படித்துக் காட்டித்தான் சம்மதம் வாங்க வேண்டும், வெளி ஆட்கள் இருக்கிற குழு ஒவ்வொரு ஆராய்ச்சியையும் பார்க்க வேண்டும், வேண்டாம் என்று நோயாளி எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம், ஆஸ்பத்திரிகளில் உரிமைப் பலகை வைக்க வேண்டும். எல்லாம் இருந்தது. ஆராய்ச்சியில் பாதிக்கப்பட்டதாக அடையாளம் காணப்பட்டவர்களுக்கு அரசு ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்றும் இருந்தது. வேறு பக்கத்து ஆலைகளைச் சேர்ந்த சில ஆண்கள் வேறொரு நாளில் வந்து பட்டாசு என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் அடையாளம் காணப்பட்டவர்கள். தங்கச்சி அடையாளம் காணப்படாதவள். வீட்டு அடுப்புக் காயம்.

வக்கீலம்மா மேற்கொண்டும் மனுக் கொடுத்தார். அது எங்கே போனதோ. கடைசியில் நாங்களே அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்போம் என்று விருதுநகர் கிளம்பினோம். வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். நீல எழுத்து. உங்களுக்குத் தரப்படும் சிகிச்சையைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு என்று முதல் வரி. தங்கச்சி நின்று கடைசி வரி வரை படித்தாள். “நல்லாத்தான் எழுதிருக்காக” என்றாள். எனக்குக் கல்லெடுத்து எறிய வேண்டும்போல இருந்தது.

உள்ளே இருந்த டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலைப் பிரிக்கலாம், முழுசாக வராது, சோறு அள்ளுகிற அளவுக்கு வரும் என்றார். தங்கச்சி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வருடக்கணக்கு ஆகியிருந்தது. முன்னால் என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டார். தெரியாது என்றோம். சரி என்று சீட்டை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“எப்படி ஆச்சு?”

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் அந்தச் சீட்டைப் பார்த்தேன். பட்டாசு என்றால், எந்த ஆலை என்று கேட்பார், அப்போதே ஏன் சொல்லவில்லை என்பார். விசாரணையில் சத்தியம் செய்து ஸ்டவ் என்று சொன்னது எங்கேயோ ஒரு ஃபைலில் கிடக்கிறது. அது இதோடு முட்டும். முட்டினால் இந்தச் சீட்டும் நின்றுபோகும். இந்த விரலாவது பிரியட்டும்.

“ஸ்டவ் வெடிச்சிருச்சு சார்” என்றேன். “மண்ணெண்ணெய் ஸ்டவ்.”

அவர் எழுதிக்கொண்டார். தீபாவளி கழியட்டும், இப்போது புதிதாக வெந்து வருகிறவர்களுக்கே கட்டில் இல்லை என்றார். தீபாவளி கழிந்து போனோம். பொங்கல் கழிந்து வரச்சொன்னார்கள். அடுத்துப் போனபோது வேறு டாக்டர் இருந்தார், அவர் புதுச்சீட்டு போட்டார். பிறகு அடுத்த சீசன் வந்துவிட்டது, கட்டில்கள் திரும்ப நிறைந்துவிட்டன. இப்போது தங்கச்சி வரமாட்டேன் என்கிறாள்.

அன்றைக்கு முதல் தடவை போய்த் திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஆமத்தூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

“ஒனக்கும் வாய் தானாச் சொல்லிருச்சாக்கா?”

ஆமாம் என்றேன். இல்லை. நான் யோசித்துத்தான் சொன்னேன்.